பிள்ளைகளோடு பேரம் வேண்டா!

நம் இல்லங்களில் இன்று ஒரு புதிய வாணிகம் நடைபெற்று வருகிறது. இதற்குக் கடையில்லை, கல்லாப்பெட்டியில்லை, கணக்கேடும் இல்லை. வாங்குபவர் பெற்றோர், விற்பவர் பிள்ளை. "இந்த இட்லியைத் தின்று முடித்தால் செல்போன் தருவேன்" என்று காலையில் வாணிகம் தொடங்குகிறது. "வீட்டுப்பாடம் எழுதினால் ஐஸ்கிரீம்", "தம்பியை அடிக்காமலிருந்தால் சாக்லேட்", "முதல் மதிப்பெண் எடுத்தால் சைக்கிள்", "முப்பது நோன்பும் பிடித்தால் கைக்கடிகாரம்", "குர்ஆனை மனனம் செய்து முடித்தால் மோட்டார் சைக்கிள்" என்று சரக்கும் விலையும் வளர்ந்துகொண்டே போகின்றன. "பேசாமல் படுத்துக்கொண்டால் நாளைக்குக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவேன்" என்ற கடைசிப் பேரத்தோடு இரவில் வாணிகம் ஓய்கிறது.

இதனைச் செய்வோர் பிள்ளைகளை வெறுப்பவர்கள் அல்லர், அளவின்றி நேசிப்பவர்கள். பிரம்பால் வளர்த்த காலம் போதும், இனி அன்பால் வளர்ப்போம் என்று கருதியே இவ்வழியில் இறங்கியிருக்கின்றனர். அந்தக் கருத்தை நாம் மதிக்கிறோம். ஆயின் பேரம் அன்பாகிவிடாது என்பதை எடுத்துரைக்காமல் இருக்க நம்மால் இயலவில்லை. பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நற்செயலுக்கு முன்கூட்டியே விலை கூறுவதைத்தான் எதிர்க்கிறோம். இரண்டும் ஒன்றே என எண்ணி மயங்குவதால்தான் இத்தனை குழப்பமும் விளைகிறது.

இதற்குப் பெயர் என்ன?

ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்கள் அறிவர்: ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும் பொருள் அனைத்திற்கும் ஒரே பெயர் இல்லை. கைம்மாறு கருதாமல் உவந்து கொடுப்பது ஹிபா. குறித்த வேலைக்குக் குறித்த ஊதியம் பேசுவது இஜாரா. அதில் கொடுக்கப்படும் கூலி உஜ்ரத். "காணாமற்போன என் ஒட்டகத்தைக் கொண்டு வருபவருக்கு இவ்வளவு" என்று அறிவிப்பது ஜுஆலா. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், மன்னரின் பாத்திரத்தைக் கொணர்பவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என அறிவிக்கப்பட்டதை இதற்குச் சான்றாக நம் அறிஞர்கள் காட்டுவர். தான் செய்தே தீரவேண்டிய கடமையைச் செய்வதற்கு ஒருவன் பிறரிடம் பொருள் பெறுவானாயின் அது ரிஷ்வத், தமிழில் கையூட்டு.

"தொழுதால் சைக்கிள்" என்பது இவற்றுள் எது? அதில் நிபந்தனை இருப்பதால் ஹிபா அன்று. ஒன்று அது கூலி, அல்லது ஜுஆலா, அதுவும் அன்றெனில் கையூட்டு. வேறொரு பெயரை எவரேனும் காட்டுவாராயின் கேட்டுக்கொள்ள நாம் சித்தமாயிருக்கிறோம்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின்படி பருவமடையாத சிறுவன் செய்யும் விற்றல் வாங்கல் செல்லாது. அவன் அறிவு இன்னும் முதிரவில்லை, அவனோடு பேரம் பேசி எவரும் அவனை ஏய்த்துவிடலாகாது என்னும் கருணை அச்சட்டத்தில் அடங்கியிருக்கிறது. கடைத்தெருவில் ஒரு மண்குடத்துக்குக்கூட அவனோடு விலை பேசி முடிக்கலாகாது என்று ஷரீஅத் அவனைக் காக்கிறது. நாமோ வீட்டுக்குள் அமர்ந்து, அவனுடைய தொழுகைக்கும் படிப்புக்கும் நன்னடத்தைக்கும் நாள்தோறும் அவனோடு விலை பேசி முடித்துக் கொண்டிருக்கிறோம்!

கொடைக்கும் வாணிகத்துக்கும் உள்ள வேற்றுமையைத் தமிழ்ச் சான்றோரும் நன்கறிந்திருந்தனர். புறநானூற்றின் 208ஆம் பாட்டைத் தமிழ் கற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார் பெருஞ்சித்திரனார் என்னும் புலவர். மன்னன் அவரை நேரிற் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். வறுமையில் வாடிய அப்புலவர் அதனைப் பெற மறுத்துவிட்டார். முகம் பாராமல் வரும் பொருள் வாணிகமே தவிரப் பரிசில் ஆகாது என்பது அவர் துணிபு. முகம் பார்த்து, தகுதி அறிந்து, தினையளவே கொடுத்தாலும் அது தமக்கு இனிது என்றார். பசித்த புலவருக்கு இருந்த மானம் நம் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. அதனை நாமே சிறுகச் சிறுகச் சுரண்டி எடுத்துவிடுகிறோம்.

விலை பேசுவதால் விளைவது

விலை பேசுவதால் மூன்று கேடுகள் விளைகின்றன.

முதலாவது, செயலின் மதிப்பு குன்றிவிடுகிறது. மாம்பழம் தின்பதற்கு எந்தத் தாயும் கூலி தருவதில்லை. பாகற்காய் தின்பதற்குத்தான் தருகிறாள். எதற்குக் கூலி தரப்படுகிறதோ அது கசக்கும் என்பதைக் குழந்தை மூன்று வயதிலேயே கற்றுக்கொள்கிறது. அந்தக் குழந்தையிடம் "தொழுதால் பணம்" என்னும்போது, "தொழுகை இனிது" என்று நம் வாய் சொன்னாலும், "தொழுகை பாகற்காய்" என்று நம் கை சொல்லிவிடுகிறது. வாயும் கையும் முரண்படும்போது குழந்தை கையைத்தான் நம்பும்.

இரண்டாவது, விலை நின்ற இடத்தில் நிற்பதில்லை. கூலிக்கு உழைப்பவன் கூலி உயர்வு கேட்பது முறைதானே! எட்டு வயதில் சாக்லேட்டுக்காகப் படித்தவன் பதினைந்தில் செல்போன் கேட்பான். பதினெட்டில் மோட்டார் சைக்கிள் கேட்பான். கேட்டதைக் கொடுக்க முடியாத நாள் ஒன்று எல்லா வீட்டுக்கும் வரும். அன்று அவன் புத்தகத்தை மூடிவிட்டால் அவனைக் கடிந்துகொள்ள நமக்கு வாயேது? "உம்மாவுக்கு ஒரு குவளை தண்ணீர் கொண்டு வா" என்றால் "என்ன தருவீர்கள்?" என்று கேட்கும் பிள்ளைகளை நாம் இன்று பல வீடுகளில் காண்கிறோம். அக்கேள்வியை அப்பிள்ளை தெருவில் கற்கவில்லை. அத்தாவிடமும் உம்மாவிடமும்தான் கற்றது. பெற்றோர் முதுமையடைந்து படுக்கையில் கிடக்கும் நாளிலும் அதே கேள்வி அதன் நாவில் எழுமானால் அப்போது வருந்தி என்ன பயன்?

மூன்றாவது, பிள்ளையின் பார்வை செயலை விட்டுக் கொடுப்பவரின் கைக்குச் சென்றுவிடுகிறது. கை இருக்குமிடத்தில் நன்மை செய்வான். கை இல்லாத இடத்தில் சும்மா இருப்பான். கணக்குக் கேட்பவர் ஏமாந்தால், செய்யாததையும் செய்ததாகச் சொல்வான். கடுமையான அடி மாணவர்களைப் பொய்யிலும் வஞ்சகத்திலும் தள்ளிவிடும் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எச்சரித்துச் சென்றார். அவர் மறைந்தது 1406ஆம் ஆண்டில். பிரம்பைப் பற்றி அவர் கூறியது பேரத்துக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. பிரம்புக்கு அஞ்சுபவனும் பொய் சொல்வான். சாக்லேட்டுக்கு ஏங்குபவனும் பொய் சொல்வான். பிரம்பும் பேரமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுக்கும் தாய், பிள்ளையின் இயல்பான நன்மையின் மீது நமக்குள்ள அவநம்பிக்கை.

இவையெல்லாம் பழைய ஓத்துப்பள்ளி ஆசான்களின் புலம்பல் என்று எவரும் தள்ளிவிட வேண்டா. 1973இல் அமெரிக்காவைச் சேர்ந்த லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம், "வரைந்தால் பொன் முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் தருவோம்" என்று முன்னரே கூறிக் கொடுத்தனர். மற்றொரு பிரிவினருக்கு ஒன்றும் கூறாமலே, வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. ஓரிரு வாரங்களுக்குப் பின், குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடும் நேரத்தில் மறைந்திருந்து கவனித்தனர். முன்னரே விலை பேசப்பட்ட குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம், மற்ற இரு பிரிவினரும் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆர்வமோ சிறிதும் குன்றவில்லை!

2008இல் வார்னெக்கன், டொமசெல்லோ என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. இருபது மாதக் குழந்தைகள், ஒருவர் கை தவறிப் பொருளைக் கீழே போட்டுவிட்டு எடுக்க முடியாமல் தவித்தால், தாமே சென்று எடுத்துக் கொடுக்கின்றன. அவ்வாறு உதவியதற்காக விளையாட்டுப் பொருளைப் பெற்றுப் பழகிய குழந்தைகள், பின்னர் ஒன்றும் கிடைக்காத வேளையில், பாராட்டு மட்டும் பெற்ற குழந்தைகளையும் ஒன்றுமே பெறாத குழந்தைகளையும்விடக் குறைவாகவே உதவின. பால்மணம் மாறாத பருவத்திலேயே படைத்தவன் வைத்தனுப்பிய ஈரத்தை நம் கூலி உலர்த்திவிடுகிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆர்வமே இல்லாத வறட்டு வேலைகளில் கூலி இத்தகைய தீங்கைச் செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் கூறுவதையும் நாம் மறைக்கவில்லை. அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்குச் சிறு பரிசுகளைப் படிப்படியாகப் பயன்படுத்திப் பயிற்சியளிக்கும் ஆசிரியர்களையும் நாம் குறை கூறவில்லை. அது மருந்து, அளவறிந்து கொடுப்பவர் கொடுக்கலாம். மருந்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்று வேளை உணவாக்குவதைத்தான் வேண்டா என்கிறோம்.

அவர்கள் காட்டும் ஆதாரங்கள்

பேரத்தை ஆதரிப்போர் வெறுங்கையோடு வருவதில்லை. அவர்கள் காட்டும் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"அண்ணல் நபி (ஸல்) அவர்களே, தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முதலில் ஓடி வருபவருக்கு இன்னது தருவேன் என்று கூறியிருக்கிறார்களே!" என்பர். இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களின் முஸ்னதில் இச்செய்தி இருக்கிறது. அதன் அறிவிப்புத் தொடர் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்கள் பேசியிருக்கின்றனர். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. செய்தியை முழுவதும் படியுங்கள். பிள்ளைகள் ஓடி வந்து அண்ணலாரின் முதுகிலும் மார்பிலும் விழுந்தனர். அவர்கள் அப்பிள்ளைகளை முத்தமிட்டு அணைத்துக்கொண்டார்கள். அது விளையாட்டு. விளையாட்டில் பந்தயமும் பரிசும் விளையாட்டின் உறுப்புகளே. முதலில் வந்தவர், பின்னால் வந்தவர் என்னும் பேதமின்றி அணைப்பு அனைவருக்கும் கிடைத்தது. தொழுகைக்கோ ஓதுதலுக்கோ அங்கு யாரும் விலை பேசவில்லை.

"ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பரிசு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களே!" என்பர். ஆம், இஹ்யா உலூமித்தீனில் பிள்ளை வளர்ப்பு பற்றிய பகுதியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எந்த வரிசையில் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையிடம் ஒரு நற்குணமோ நற்செயலோ வெளிப்படுமாயின், அதற்காக அவனைக் கண்ணியப்படுத்தி, அவன் மகிழும் ஒன்றைக் கொடுத்து, பிறர் முன்னிலையில் பாராட்ட வேண்டும் என்பது அவர்கள் கருத்து. முதலில் நன்மை வெளிப்படுகிறது. பின்னர் பரிசு வருகிறது. விலையை முன்னால் அறிவித்து நன்மையைப் பின்னால் வரவழைக்கும் முறை அதில் இல்லை. அதே பகுதியில், உயர்வு கொடுப்பதில் இருக்கிறது, வாங்குவதில் இல்லை என்று பிள்ளைக்குக் கற்பிக்கச் சொல்கிறார்கள். பாம்பு, தேளைக் காட்டிலும் பொன் வெள்ளி மீதுள்ள ஆசையைப் பற்றிப் பிள்ளையை எச்சரிக்கச் சொல்கிறார்கள். இவ்வளவும் சொன்ன இமாம் அவர்களைச் சைக்கிள் பேரத்துக்குச் சாட்சியாக அழைப்பது எவ்வளவு பெரிய அநீதி! ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் அவர்கள் அமைத்துத் தந்த வரிசையையும், 1973ஆம் ஆண்டு ஆய்வில் ஆர்வம் குன்றாமல் இருந்த குழந்தைகள் பரிசு பெற்ற வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கக் காண்பீர்கள்.

"அல்லாஹுத்தஆலாவே சுவர்க்கத்தைக் காட்டித்தானே நம்மை அழைக்கிறான்?" என்பது மூன்றாவது கேள்வி. இது வலிமையான கேள்விதான். சுவர்க்கத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஆசையோடு எடுத்துச் சொல்லுங்கள். நாமும் சொல்லி வருகிறோம். ஆனால் வாக்களிப்பவன் யார்? உள்ளத்தை அறிபவன். நிய்யத்தைப் பார்த்துக் கொடுப்பவன். நமக்கோ பிள்ளையின் உடல் தொழுவதுதான் தெரியும், உள்ளம் தெரியாது. ஆகவே நாம் கொடுக்கும் கூலி உடலின் அசைவுக்கே போய்ச் சேர்கிறது. மேலும், எவரும் தம் அமலைக் கொண்டு மட்டும் சுவர்க்கம் புகமாட்டார், அல்லாஹ்வின் அருள் சூழ்ந்தாலன்றி, என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற நபிமொழியின் கருத்து. எனவே சுவர்க்கம் நாம் கணக்கெழுதி வாங்கும் கூலியன்று, அருட்கொடை. மறுமையின் நற்கூலி மனிதனை உடனடி ஆசைகளிலிருந்து மேலே தூக்குகிறது. மாதக் கடைசியில் வரும் சைக்கிள் அவனை அவ்வாசைகளுக்குள்ளேயே இருத்திவிடுகிறது.

"முதலில் பரிசுக்காக வரட்டும், பின்னர் அல்லாஹ்வுக்காக வருவார்கள். அல்லாஹ் அல்லாத நோக்கத்துக்காகக் கல்வியைத் தேடினோம், கல்வியோ அல்லாஹ்வுக்காகவே ஆகிவிட்டது என்று பெரியோர்கள் கூறியதில்லையா?" என்பது நான்காவது. கூறியிருக்கிறார்கள். அது பல்லாண்டுகள் கல்விக் கடலில் மூழ்கிய பெரியோர்களின் நன்றியுரை. கல்வியின் ஆழம் அவர்களுடைய ஆசையை வென்றது. கிணற்றில் விழுந்து பிழைத்தவர், "விழுந்ததால் நீந்தக் கற்றேன்" என்று நன்றி கூறலாம். அதற்காக நம் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளலாமா?

நாற்பது நாள் சைக்கிள்

இனி நேரடியாகவே பேசுவோம். நாற்பது நாட்கள் விடாமல் பள்ளிவாசலுக்கு வந்து ஜமாஅத்தோடு தொழும் சிறுவர்களுக்குச் சைக்கிள் பரிசு என்னும் திட்டம் அண்மை ஆண்டுகளில் துருக்கி நாட்டில் பெயர் பெற்றது. பின்னர் வங்காளதேசத்திலும் நம் இந்தியாவிலும் பள்ளிவாசல்கள் சில அதனைப் பின்பற்றின. ஏற்பாடு செய்தவர்களின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. சுபுஹு வேளையில் சிறுவர்களால் நிரம்பிய ஸஃப்பைக் கண்டு எவருக்குத்தான் கண் குளிராது?

ஆயினும் நாம் சில கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. நாற்பத்தோராம் நாள் அந்த ஸஃப்பில் எத்தனை பேர் நின்றனர் என்று எண்ணிப் பார்த்தீர்களா? சைக்கிள் கொடுத்த நாளின் புகைப்படம் இருக்கிறது. அதற்கு அடுத்த மாதத்தின் புகைப்படம் எங்கே?

முப்பத்தெட்டாம் நாள் காய்ச்சலில் கிடந்த சிறுவனின் கதி என்ன? வேலையைத் தானே பாதியில் விட்டவருக்கு ஒன்றுமில்லை என்பது ஜுஆலாவின் விதி. தொலைந்த ஒட்டகத்தைத் தேடிப் புறப்பட்ட வளர்ந்த மனிதருக்கு அது நியாயம். பத்து வயதுச் சிறுவனுக்கு, அதுவும் அல்லாஹ்வின் இல்லத்தில், அதையா விதிப்பது? தவணை தவறவில்லை, நோய் தடுத்தது என்று அவன் அழுதால், விதிவிலக்குக் கொடுப்பீர்கள். விலக்குப் பெற விரும்பும் அடுத்தவன் இல்லாத காய்ச்சலைச் சொல்வான். மூத்தவர் ஒருவர் வருகைப் பதிவேட்டோடு வாயிலில் நிற்பார். பள்ளிவாசலின் வாயிலில் ஸலாம் சொல்லி வரவேற்க வேண்டியவர் அங்கே கணக்குப்பிள்ளையாகி நிற்பது நமக்குப் பொறுக்கவில்லை.

முப்பத்தெட்டு நாட்கள் இருளில் எழுந்து வந்து, கையில் ஒன்றுமின்றித் திரும்பும் அச்சிறுவன், தொழுகையைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்? சைக்கிள் பெற்றவர்களின் எண்ணிக்கையை அறிவிப்போர் இவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் கவலையெல்லாம் இவனைப் பற்றியே.

அண்ணலார் கொடுத்த விதம்

சிறுவர்களுக்கு எவ்வாறு கொடுப்பது என்று கற்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதீனாவில் பருவத்தின் முதற்கனி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்படும். அவர்கள் பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, அங்கிருப்போரில் மிகச் சிறிய குழந்தையை அழைத்து அக்கனியைக் கொடுத்துவிடுவார்கள். இது முஸ்லிம் நூலில் உள்ள செய்தி. அக்குழந்தை என்ன செய்ததற்காக அக்கனி? ஒன்றுமே செய்யவில்லை. குழந்தையாக இருந்தது, அதுவே போதுமாயிருந்தது.

ஆஷூரா நோன்பைப் பற்றி ருபைய்யிஉ (ரலி) என்னும் நபித்தோழியர் அறிவிக்கும் செய்தியை நோக்குங்கள். தம் பிள்ளைகளையும் நோன்பு நோற்கச் செய்வார்கள். கம்பளியால் விளையாட்டுப் பொம்மைகள் செய்து வைத்துக்கொள்வார்கள். உணவு கேட்டு அழும் பிள்ளையிடம் அதனைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை ஆற்றுவார்கள். அங்கும் ஒரு பொருள் கொடுக்கப்படுகிறது. ஆனால், "நோன்பு பிடித்தால் பொம்மை" என்று அத்தாய்மார் பேசவில்லை. பசிக்கும் பிள்ளையின் துன்பத்தில் பங்குகொண்டு, கூட அமர்ந்து, கையாற் செய்த பொம்மையைக் கொடுத்தார்கள். அது கூலியன்று, துணை. நம் வீட்டில் நோன்பிருக்கும் பிள்ளையோடு அஸருக்குப் பின் அமர்ந்து விளையாட நமக்கு நேரமில்லை. ஆகவே கைக்கடிகாரத்துக்கு விலை பேசிவிட்டு உறங்கப் போகிறோம்.

மற்றொன்று. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராயிருந்தபோது அவர்களின் தாயார், "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார்கள். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், "என்ன கொடுக்க எண்ணினீர்?" என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடாதிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்னும் கருத்தில் அண்ணலார் எச்சரித்தார்கள். அபூதாவூதில் உள்ள இச்செய்தியை, பேரம் பேசும் பெற்றோர் அனைவரும் தம் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். காலை முதல் இரவு வரை நாம் அள்ளி வீசும் வாக்குறுதிகளில் எத்தனை நிறைவேறுகின்றன? நிறைவேறாத ஒவ்வொன்றும் ஒரு பொய்யாக எழுதப்படுமாயின் நம் ஏட்டின் கனம் என்னவாகும்?

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தந்தையார் ஓர் அன்பளிப்புக் கொடுத்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று அண்ணலார் கேட்டார்கள். பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும்படி அறிவுறுத்தினார்கள். பேரம் நடக்கும் வீட்டில் இந்த நீதி எவ்வாறு நிலைக்கும்? கூர்மதி உள்ள மூத்தவள் ஆண்டுதோறும் பரிசு பெறுவாள். படிப்பு ஏறாத இளையவன் ஆண்டுதோறும் வெறுங்கையோடு நிற்பான். வாப்பாவின் அன்பு மதிப்பெண் பட்டியலின்படி பங்கிடப்படுகிறது என்று அவன் எண்ணமாட்டானா?

பொருளீட்ட வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் சென்றிருக்கும் தந்தையர்க்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒருமுறை வந்து முகம் காட்டும் உங்களுக்குப் பிள்ளையோடு பேசத் தொலைபேசியில் சில நிமிடங்களே கிடைக்கின்றன. அந்தச் சில நிமிடங்களை, "நன்றாக ஓதினால் வரும்போது இன்னது கொண்டு வருவேன்" என்பதில் கழித்துவிடாதீர்கள். என்ன ஓதினாய், எந்த சூராவில் நிற்கிறாய், எந்த எழுத்து நாவுக்கு வரவில்லை என்று கேளுங்கள். ஓதிக் காட்டச் சொல்லிச் செவிகொடுங்கள். பொருளை அனுப்புங்கள், நிபந்தனையை அனுப்பாதீர்கள்.

கொடுக்கப் பழக்கிய ஓத்துப்பள்ளி

நம் ஊர்களின் பழைய ஓத்துப்பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஒரு பிள்ளை ஜுஸ்உ முடித்துவிட்டால், அல்லது குர்ஆனை ஓதி முடித்துவிட்டால், அதன் வீட்டார் இனிப்பு வாங்கி வருவார்கள். அதனை நார்சா என்போம். அந்த நார்சா ஓதி முடித்த பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. ஓதி முடித்த பிள்ளை தன் கையால் உஸ்தாதுக்கும், உடன் ஓதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிட வேண்டும். இன்னும் அலிஃப், பா தாண்டாத பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. ஓதத் திணறும் பிள்ளைக்கும் அதே அளவு பங்கு.

இவ்வழக்கத்தின் ஆழத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவனுடைய வெற்றி எல்லோருக்கும் இனிப்பாயிற்று. முடித்தவன் வாங்குபவனாக நிற்காமல் கொடுப்பவனாக உயர்ந்தான். உயர்வு கொடுப்பதில் இருக்கிறது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஏட்டில் எழுதியதை, ஏடறியாத நம் பாட்டிமார் ஒரு தட்டு இனிப்பால் நடத்திக் காட்டினர். இன்றோ ஓதி முடித்தவனுக்கு மேடையிட்டு, மாலையிட்டு, சைக்கிளின் கைப்பிடியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறோம். உடன் ஓதிய பிள்ளைகள் கீழே அமர்ந்து அண்ணாந்து பார்க்கின்றன. அவர்களுக்கு ஒரு மிட்டாயும் இல்லை.

என் செய்வது?

பேரத்தை விட்டால் பிள்ளைகளை எவ்வாறு நடத்துவது என்று கேட்பீர்கள். எளிய வழிதான், ஆனால் பணம் செலவாகாது, நேரம் செலவாகும்.

கொடுங்கள், ஆனால் முன்னால் சொல்லாதீர்கள். பிள்ளை நல்லது செய்யக் கண்டால் மனமுவந்து பாராட்டுங்கள். எப்போதேனும் எதிர்பாராமல் ஒன்றைக் கையில் வைத்து மகிழ்வியுங்கள். ஒன்றும் செய்யாத நாளிலும், அவன் உங்கள் பிள்ளை என்பதற்காகவே கொடுங்கள். பெருநாளில் கொடுக்கும் புத்தாடைக்கும் காசுக்கும் நிபந்தனை விதிக்காதீர்கள். குறைந்த மதிப்பெண்ணுக்காக அவற்றைப் பிடித்து வைக்காதீர்கள்.

செய்யச் சொல்வதற்கு முன் ஏன் என்று சொல்லுங்கள். சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களின் கை உணவுத் தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கையால், அருகிலிருப்பதை உண்ணும்படி அண்ணலார் அன்போடு சொன்னார்கள். அச்சுறுத்தலும் இல்லை, ஆசை காட்டலும் இல்லை. அதன்பின் தம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அவர்கள் பிற்காலத்தில் அறிவிக்கிறார்கள். ஒரு சொல் ஓர் ஆயுளுக்குப் போதுமாயிருந்ததன் இரகசியம், அதைச் சொன்னவர் அதே தட்டில் உடன் அமர்ந்து உண்டவர் என்பதே. உடன் அமராதவரின் அறிவுரைக்குத்தான் மிட்டாய் தேவைப்படுகிறது.

பள்ளிவாசலுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள், அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் கையைப் பிடித்துக்கொண்டு பேசி வாருங்கள். பள்ளிவாசல் நிருவாகிகளே! சைக்கிளுக்குச் சேர்த்த பணம் உங்களிடம் இருக்குமானால், அதை நாற்பது நாள் வந்தவனுக்கு மட்டும் கொடாதீர்கள். ஒரு நாள் வந்த சிறுவனுக்கும் உட்கார்ந்து படிக்க ஒரு நூலறையையும், விளையாட ஒரு திடலையும் அமைத்துக் கொடுங்கள். ஓதி முடித்த சிறுவனுக்கு விளையாட்டைத் தடுப்பது அவன் உள்ளத்தைச் சாகடிக்கும் என்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கூறியிருப்பதை நினைவிற் கொள்ளுங்கள். முன் ஸஃப்பில் வந்து நிற்கும் சிறுவனைப் பிடித்துப் பின்னால் தள்ளும் பெரியவர்களை முதலில் திருத்துங்கள். ஒரு கையால் விரட்டிவிட்டு மறு கையால் சைக்கிளைக் காட்டி அழைப்பது என்ன நியாயம்?

பெற்றோர்களே! பிள்ளைகள் நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டவர்கள். அமானிதப் பொருளை விற்கவும் கூடாது. அதனிடமிருந்து வாங்கவும் கூடாது. பேணிக் காக்க வேண்டும். இன்று மாலை உங்கள் பிள்ளை ஏதேனும் ஒரு நல்ல செயலைத் தானாகவே செய்யும். தங்கையின் செருப்பை எடுத்து வைக்கும். நன்னாவுக்குத் தலையணை கொண்டு வரும். அதற்கு விலை கூறிவிடாமல், "நீ செய்தது அழகாயிருந்தது" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

எதையும் எதிர்பாராமல் நன்மை செய்யும் நல்லுள்ளத்தை நம் மக்களுக்கும், எதையும் விலை பேசாமல் அவர்களை நேசிக்கும் நல்லுள்ளத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.